வம்ச வரலாறும் வாக்குத்தத்தமும்: மத்தேயு முதல் அதிகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில், இயேசுவின் முன்னோர் பட்டியலோடு தொடங்கும் மத்தேயு முதல் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால், ‘அம்மினதாப்’ என்ற இடத்தில் முதல் தடுமாற்றம் வரும். ‘சொரொபாபேல்’ வரும்போது வாசிக்கிறவரே சிரித்துவிடுவார். பதினெட்டாம் வசனத்துக்கு வந்து சேர்ந்ததும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. அந்த வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. மேற்கோள்கள் சபைகளில் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

புதிய ஏற்பாடு பெயர்ப் பட்டியலோடு தொடங்குவது ஏன்? நேராகக் கதைக்குப் போயிருக்கலாமே?

நிலம் வாங்கப் போகிறோம். விற்பவர் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும் நாம் முதலில் கேட்பது மூலப்பத்திரம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் வாரிசு யார், வில்லங்கம் ஏதும் உண்டா என்று பார்த்த பிறகுதான் முன்பணம். மத்தேயுவின் முதல் வாசகர்கள் யூதப் பின்னணி உள்ளவர்கள். ‘தேவன் வாக்களித்த ராஜாவான மேசியா வந்துவிட்டார்’ என்று சொன்னால் அவர்களும் பத்திரத்தைத்தான் கேட்பார்கள்.

அதனால் முதல் வசனத்திலேயே அதை எடுத்து வைக்கிறார்: “ஆபிரகாமின் குமாரனாகிய தாவீதின் குமாரனான இயேசு கிறிஸ்துவின் வம்ச வரலாறு.” 41 பெயர்கள் பின்னால் வரப்போகின்றன. அதில் இரண்டை மட்டும் முன்னால் நிறுத்துகிறார். காரணம், அந்த இரண்டு பேரிடமும் தேவன் வாக்குக் கொடுத்திருந்தார். ‘வம்ச வரலாறு’ என்பதும் புதுச் சொல் இல்லை. ஆதியாகமம் 5:1இல் “ஆதாமின் வம்ச வரலாறு” என்று வருகிறதே, அதன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள அதே சொற்றொடரைத்தான் மத்தேயு எடுத்துப் போடுகிறார்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க எஸ்றா 2ஆம் அதிகாரம் போதும். பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஆசாரியக் குடும்பங்களில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆசாரிய ஊழியம் போயிற்று. பரிசுத்தமானதைச் சாப்பிடவும் தடை விழுந்தது.

ஆபிரகாமுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குத்தத்தம் சரியாக என்ன?

தேசம், சந்ததி, ஆசீர்வாதம் என்று மூன்று. ஆதியாகமம் 12இல் அது தொடங்குகிறது: “பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்.” அப்போது அவனுக்கு வயது 75, பிள்ளை இல்லை. ஈசாக்கு பிறக்கும்போது 100. நடுவில் 25 வருஷம். இந்த 25 வருஷத்தைப் பிரசங்கத்தில் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம். சாராள் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கொடுத்துப் பார்த்ததும், ‘என் வீட்டு விசாரணைக்காரன்தான் எனக்கு வாரிசு’ என்று ஆபிரகாம் கசந்து பேசியதும் இந்த 25 வருஷத்துக்குள்தான்.

15ஆம் அதிகாரத்தை நின்று வாசிக்க வேண்டும். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. மிருகங்களை நடுவாகப் பிளந்து, துண்டுக்கு எதிர்த்துண்டு வைத்து, நடுவே வழி விடுகிறான். பறவைகளை மட்டும் பிளக்கவில்லை. பிணந்தின்னும் பட்சிகள் இறங்குகின்றன. கிழவன் அவற்றை விரட்டிக்கொண்டே இருக்கிறான். பொழுது சாய்ந்து அயர்ந்து தூங்கிவிடுகிறான். இருட்டியதும் புகைகிற ஒரு சூளையும் ஒரு அக்கினி ஜுவாலையும் அந்தத் துண்டுகளின் நடுவே கடந்துபோகின்றன.

அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் பிளந்த மிருகத்தின் நடுவே நடப்பார்கள். ‘வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதி’ என்று பொருள். எரேமியா 34:18இலும் அந்த வழக்கம் வருகிறது. இங்கே நடந்துபோனது ஒரு தரப்பு, தேவன் மட்டுமே. ஆபிரகாம் தூங்கிக்கொண்டிருந்தான். வம்ச வரலாற்றில் பின்னால் வருகிறவர்கள் செய்யும் கூத்துகளைப் படிக்கும்போது இந்த இரவை மறந்துவிடக் கூடாது.

‘சந்ததி’ என்றால் ஒருவரா, பலரா?

கலாத்தியர் 3:16இல் பவுல் இதைப் பிடித்துக்கொள்கிறார்: “சந்ததிகளுக்கு என்று அநேகரைக்குறித்துச் சொல்லாமல், உன் சந்ததிக்கு என்று ஒருவனைக்குறித்துச் சொல்லியிருக்கிறார், அந்தச் சந்ததி கிறிஸ்துவே.” இது சொல்விளையாட்டு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எபிரெயத்தில் ‘ஸெரா’, கிரேக்கத்தில் ‘ஸ்பெர்மா’. இரண்டுக்கும் விதை, வித்து என்றுதான் அர்த்தம். ஒரு விதையையும் சொல்லலாம், ஒரு மூட்டை விதையையும் சொல்லலாம். நாமும் ‘விதை நெல்’ என்று ஒருமையில்தானே மொத்தத்தையும் சொல்கிறோம்.

சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்பது பவுலுக்கு நன்றாகவே தெரியும். அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தில், ஒருவர் என்று தான் சுருக்கியதை மறுபடி பலருக்கு விரிக்கிறார்: “நீங்கள் கிறிஸ்துவினுடையவர்களானால், ஆபிரகாமின் சந்ததியாராயும், வாக்குத்தத்தத்தின்படியே சுதந்தரராயும் இருக்கிறீர்கள்.”

ஆபிரகாமின் பேரன் யாக்கோபுக்கு மூத்தவன் ரூபன் இருக்க, வாக்குத்தத்தம் நான்காம் மகன் யூதாவுக்குப் போனது எப்படி?

ரூபன் தகப்பனுடைய மறுமனையாட்டியோடு தவறினான். சிமியோனும் லேவியும் சீகேம் ஊர் ஆண்களை வெட்டிச் சாய்த்தார்கள். அடுத்தவன் யூதா. ஆனால் ஆதியாகமத்தின் கடைசிப் பகுதியைப் படிக்கிற யாரும் யோசேப்பைத்தான் நாயகன் என்பார்கள். கனவு காண்பதும் அரசாளுவதும் மன்னிப்பதும் அவன். வம்ச வரலாறு அவன் வழியாக ஓடவில்லை. அவனை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன யூதா வழியாக ஓடுகிறது. யாக்கோபு சாகும்முன் சொன்னது: “சமாதான கர்த்தர் வருமளவும் செங்கோல் யூதாவைவிட்டு நீங்குவதும் இல்லை.” நம் மொழிபெயர்ப்பில் ‘சமாதான கர்த்தர்’ என்று இருக்கும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல் ‘ஷீலோ’. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை அறிஞர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை.

பெண்கள் பெயரை எழுதும் வழக்கம் இல்லாதபோது மத்தேயு ஏன் ஐந்து பெண்களைச் சேர்த்தார்? அதிலும் ஏன் இவர்களை?

தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி, மரியாள். சாராள் இல்லை, ரெபெக்காள் இல்லை, லேயாள் இல்லை. பெருமை பேசுகிற எண்ணம் இருந்திருந்தால் அந்த மூவரைத்தானே போட்டிருப்பார்?

தாமார் கதை ஆதியாகமம் 38. ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். யூதாவின் மூத்த மகன் ஏருக்கு அவள் மனைவி. அவன் செத்தான். அண்ணன் பிள்ளையில்லாமல் செத்தால் தம்பி அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்டு, பிறக்கும் முதல் பிள்ளையை அண்ணன் பெயருக்கு விட வேண்டும். அதைச் ‘சந்தானம் உண்டாக்குதல்’ என்பார்கள். இரண்டாமவன் ஓனான் அதைத் தட்டிக்கழித்தான், அவனும் செத்தான். மூன்றாமவன் சேலா. இவளால்தான் என் பிள்ளைகள் சாகிறார்கள் என்ற பயம் யூதாவுக்கு. ‘சேலா பெரியவனாகட்டும், அதுவரை உன் தகப்பன் வீட்டில் இரு’ என்று அனுப்பிவிட்டான். சேலா பெரியவனானான். அழைப்பு வரவில்லை.

அவள் விதவைக் கோலத்தைக் களைந்து, முக்காடிட்டு, திம்னாத்துக்குப் போகிற வழியில் உட்கார்ந்தாள். யூதா அவளை வேசி என்று எண்ணினான். ஒரு வெள்ளாட்டுக்குட்டி தருவதாகப் பேச்சு. அதுவரை அடகாக அவள் கேட்டது அவனுடைய முத்திரை மோதிரம், ஆரம், கைக்கோல். இன்றைக்கு ஒருவருடைய அடையாள அட்டையையும் கையெழுத்தையும் சேர்த்து வாங்கி வைப்பது போல.

மூன்று மாதம் கழித்து ‘உன் மருமகள் கர்ப்பமாயிருக்கிறாள்’ என்று சேதி வருகிறது. சுட்டெரிக்கச் சொல்கிறான். அவளை வெளியே கொண்டுவரும்போது அந்த மூன்று பொருளையும் மாமனாரிடம் அனுப்பி, இவை யாருடையவை பாரும் என்கிறாள். ஊர் நடுவே பெயர் சொல்லி அவனை அவமானப்படுத்தவில்லை, பொருளைத்தான் அனுப்பினாள். யூதா பார்த்தான். “என்னிலும் அவள் நீதியுள்ளவள்” என்றான். பிறந்தது இரட்டை. முதலில் கை நீட்டிய பிள்ளைக்கு மருத்துவச்சி சிவப்பு நூல் கட்டினாள். கை உள்ளே போய், மற்றவன் முந்தி வந்தான். அவன்தான் பாரேஸ், தாவீதின் முப்பாட்டன்மார் வரிசையில் ஒருவன்.

ராகாப் எரிகோவில் வேசி, கானானியப் பெண். அவள் சல்மோனின் மனைவி, போவாசின் தாய் என்பது பழைய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. மத்தேயு மட்டுமே சொல்கிறார். ரூத் மோவாபியப் பெண். மோவாபியன் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம் 23. அவளுடைய கொள்ளுப்பேரனோ சிங்காசனத்தில். பெத்லெகேம் வாசலில் மூப்பர்கள் போவாசை வாழ்த்தியபோது, ‘தாமார் யூதாவுக்குப் பெற்ற பாரேசின் வீட்டைப்போல உன் வீடு ஆகக்கடவது’ என்றார்கள். கல்யாண வாழ்த்தில் தாமார் பெயர்! நாம் மறைக்கிற கதையை அந்த ஊர் மறைக்கவில்லை.

நான்காமவள் பெயரை மத்தேயு எழுதவே இல்லை. பத்சேபாள் என்று போட்டிருக்கலாம். “தாவீதுராஜா உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில் சாலொமோனைப் பெற்றான்” என்கிறார். தாவீது கொல்லச் செய்த மனிதனின் பெயர் அரச பரம்பரைப் பட்டியலுக்குள் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. வில்லங்கத்தையும் பத்திரத்திலேயே எழுதிவிடுகிற ஆள் மத்தேயு.

இந்த நால்வரும் பாவிகள் என்பதால் சேர்த்தார் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ரூத்மேல் என்ன குற்றம்? தாமாரை நீதியுள்ளவள் என்று வேதமே சொல்கிறது. வம்சம் அறுந்துபோகிற இடத்திலோ, வெளியார் உள்ளே வருகிற இடத்திலோ நின்றவர்கள் என்று சொல்வதுதான் பொருந்துகிறது. அந்த வரிசையில் ஐந்தாவதாக மரியாள் நிற்கும்போது, கூடிவரும்முன் கர்ப்பமானாள் என்று அவளைப் பற்றிய ஊர்ப்பேச்சுக்கும் அதில் ஒரு பதில் இருக்கிறது.

தாவீதுக்குக் கொடுத்த வாக்கு நிபந்தனையோடு கொடுத்ததா?

தாவீது கேதுரு மர வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தேவனுடைய பெட்டி கூடாரத்தில் இருக்கிறதே என்று வருந்தி ஆலயம் கட்ட நினைக்கிறான். நாத்தான் தீர்க்கதரிசி வழியாகப் பதில் வருகிறது: நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நான் உனக்கு வீடு உண்டுபண்ணுவேன். எபிரெயத்தில் ‘பயித்’ என்ற சொல் கட்டடத்தையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும். தமிழில் ‘அவர் வீட்டில் எப்படி?’ என்று கேட்டால் சுவரையா விசாரிக்கிறோம்? விளையாட்டு சிந்தாமல் தமிழுக்கு வந்துவிட்டது. “உன் வீடும், உன் ராஜ்யமும், என்றென்றைக்கும் உனக்கு முன்பாக ஸ்திரப்பட்டிருக்கும்” என்பது 2 சாமுவேல் 7:16.

அங்கே நிபந்தனை இல்லை. மகன் அக்கிரமம் செய்தால் தண்டிப்பேன், கிருபையை விலக்கமாட்டேன் என்றுதான் இருக்கிறது. 1 இராஜாக்கள் 2:4இலும் சங்கீதம் 132:12இலும் ‘உன் குமாரர் காத்து நடந்தால்’ என்ற நிபந்தனை வருகிறது. இரண்டையும் இழுத்து ஒன்றாக்க வேண்டியதில்லை. வேதத்துக்குள்ளேயே அந்த இழுபறி இருக்கிறது. சங்கீதம் 89 முதலில் வாக்குத்தத்தத்தைப் பாடிவிட்டு, நடுவில் தேவனிடமே சண்டைக்குப் போகிறது: “உமது அடியானுடன் நீர் பண்ணின உடன்படிக்கையை ஒழித்துவிட்டு, அவன் கிரீடத்தைத் தரையிலே தள்ளி அவமானப்படுத்தினீர்.” கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை எரித்தபோது வாக்குத்தத்தத்தை நம்பியவர்களுக்கு இருந்த கேள்வியும் இதுதான்.

பட்டியலில் மூன்று பதினான்கு தலைமுறை என்கிறார் மத்தேயு. எண்ணிப் பார்த்தால் குறைகிறதே?

நன்றாக எண்ணியிருக்கிறீர்கள். ஆபிரகாம் முதல் தாவீது வரை 14. சாலொமோன் முதல் எகொனியா வரை 14. சலாத்தியேல் முதல் இயேசு வரை எண்ணினால் 13தான் வரும். எகொனியாவை இரண்டு முறை எண்ணினால்தான் சரியாகும்.

அதோடு நடுவில் ஆட்கள் விடுபட்டிருக்கிறார்கள். யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா ஆகிய மூன்று ராஜாக்கள் இல்லை. யோசியாவுக்கும் எகொனியாவுக்கும் இடையில் யோயாக்கீம் இல்லை. ‘பெற்றான்’ என்ற சொல்லுக்குப் பாட்டன், பூட்டன் என்ற அளவுக்கும் இடம் உண்டு என்பதால் அன்றைய வழக்கில் இது பொய்க்கணக்கு ஆகாது. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது என்று எழுத ‘தாலெத், வாவ், தாலெத்’: 4+6+4, கூட்டினால் 14. ‘தாவீது, தாவீது, தாவீது’ என்று மூன்று முறை தட்டிக் காட்டுகிறார் என்று பலர் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

விடுபட்ட யோவாசைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜா அகசியா கொல்லப்பட்டதும் அவன் தாய் அத்தாலியாள் ராஜவம்சம் முழுவதையும் கொன்றுபோட எழும்பினாள். அவள் வடக்கே இஸ்ரவேலை ஆண்ட பொல்லாத ராஜா ஆகாபின் வீட்டுப் பெண். கொலை நடந்துகொண்டிருக்கும்போது அகசியாவின் சகோதரி யோசேபாள் கைக்குழந்தையான யோவாசை அவன் தாதியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் ஒளித்தாள். பிறகு ஆறு வருஷம் கர்த்தருடைய ஆலயத்தில் மறைத்து வளர்த்தார்கள். அந்த ஆறு வருஷமும் ‘என்றென்றைக்கும்’ என்று தாவீதுக்குச் சொன்ன வார்த்தை ஒரு குழந்தையின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அழுதால் வெளியே கேட்டுவிடும். ஏழு வயதில் ஆசாரியன் யோய்தா அவனை வெளியே கொண்டுவந்து முடிசூட்டினான்.

அப்பேர்ப்பட்ட யோவாசை மத்தேயு விட்டுவிட்டார்! ஆகாப் வீட்டு ரத்தம் என்பதால் மூன்று தலைமுறை நீக்கப்பட்டது என்று பழைய உரையாசிரியர்கள் எழுதினார்கள். கிரேக்கத்தில் அகசியா, உசியா பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் கண் தாவிவிட்டது என்றும் ஒரு கருத்து உண்டு. எதுவானாலும், அந்தக் குழந்தையை ஒளித்த யோசேபாள் பெயரும் பட்டியலில் இல்லை. ஆறாவது பெண்ணாக அவளைச் சேர்த்திருக்கலாமே என்று எனக்கு எப்போதும் ஒரு குறை.

எகொனியாவின் சந்ததி சிங்காசனம் ஏறாது என்று எரேமியா சபித்தாரே. அவன் வழியாக மேசியா எப்படி வர முடியும்?

எகொனியா, யோயாக்கீன், கோனியா மூன்றும் ஒரே ஆள். 18 வயதில் பட்டத்துக்கு வந்து மூன்று மாதம் ஆண்டான். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டுபோனான். எரேமியா 22இல் இரண்டு வார்த்தைகள் அவன்மேல் விழுகின்றன. ஒன்று, அவன் என் வலதுகையின் முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிவேன். இரண்டு, “இந்தப் புருஷன் சந்தானமற்றவன்” என்று எழுதுங்கள். அவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருக்கப்போகிறதில்லை.

பாபிலோனில் நடந்த அகழாய்வில் களிமண் பலகைகள் கிடைத்தன. அரண்மனைக் கிடங்கிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் கொடுத்தார்கள் என்ற கணக்கு. ரேஷன் பதிவேடு என்றே சொல்லலாம். 1939இல் ஜெர்மன் அறிஞர் வைட்னர் அவற்றை வெளியிட்டார். அதில் யூதா தேசத்து ராஜா யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்த குறிப்பு இருக்கிறது. எரேமியாவின் வார்த்தைப்படி பதிவேட்டில் ‘சந்தானமற்றவன்’. பாபிலோன் பதிவேட்டிலோ ஐந்து பிள்ளைகளோடு எண்ணெய் வாங்கியவன். சிறைப்பட்ட 37ஆம் வருஷம் பாபிலோனின் அடுத்த ராஜா ஏவில்மெரொதாக் அவனை விடுவித்து, சிறை உடையை மாற்றித் தன் பந்தியில் உட்காரவைத்தான் என்ற செய்தியோடு 2 இராஜாக்கள் புத்தகம் முடிகிறது. ஆலயம் எரிந்து, தேசம் போய், கடைசி வரியில் ஒரு கைதி ராஜா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

அவனுடைய பேரன் சொரொபாபேலுக்கு ஆகாய் 2:23இல் வருகிற வார்த்தையைப் பாருங்கள்: உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன். தாத்தாவின் பெயரில் கழற்றி எறிந்த அதே மோதிரம் பேரன் பெயரில் விரலுக்குத் திரும்புகிறது. சாபம் நீங்கியது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். சொரொபாபேல் ஆளுநராக இருந்தானே தவிர ராஜாவாகவில்லை, ஆகவே சாபம் நின்றது என்கிறவர்களும் உண்டு. இயேசு மரியாளின் புருஷன் யோசேப்பின் இரத்தத்தில் பிறக்காதபடியால் சாபம் அவரைத் தொடவில்லை என்பது மூன்றாம் கட்சி. என் மனம் முதலாவதில் நிற்கிறது. எரேமியாவின் தேவன் மனம் மாறுகிறவர் என்று எரேமியா 18ஆம் அதிகாரத்துக் குயவன் வீட்டிலேயே சொல்லியாயிற்று.

மத்தேயுவும் லூக்காவும் கொடுக்கிற பட்டியல்கள் ஏன் ஒத்துப்போகவில்லை?

மரியாளின் புருஷன் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு என்கிறார் மத்தேயு, ஏலி என்கிறார் லூக்கா. தாவீதிலிருந்து மத்தேயு சாலொமோன் வழியாக இறங்குகிறார், லூக்கா நாத்தான் வழியாக ஏறுகிறார். இந்த நாத்தான் தாவீதின் இன்னொரு மகன், தீர்க்கதரிசி இல்லை. நடுவில் சலாத்தியேல், சொரொபாபேல் இருவர் மட்டும் இரண்டு பக்கமும் சந்திக்கிறார்கள்.

பழைய விளக்கம் கிறிஸ்தவ எழுத்தாளர் யூலியு ஆப்பிரிக்கானுவுடையது, மூன்றாம் நூற்றாண்டு. யாக்கோபும் ஏலியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், தகப்பன்மார் வேறு. ஏலி பிள்ளையில்லாமல் செத்தான், யாக்கோபு அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்டு யோசேப்பைப் பெற்றான். இரத்தத்தால் யாக்கோபின் மகன், சட்டத்தால் ஏலியின் மகன். தாமார் கதையில் பார்த்த அதே வழக்கம். இதை யூசேபியு தன் சபைச் சரித்திரத்தில் எடுத்து எழுதியிருக்கிறார். லூக்காவின் பட்டியல் மரியாளுடையது என்பது நம் சபைகளில் அதிகம் கேட்கும் விளக்கம். அது பரவலானது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். வசனத்தில் மரியாள் பெயர் இல்லாததால் எனக்கு அதில் தயக்கம் உண்டு. லூக்கா தாவீதின் இரத்த வரிசையையும் மத்தேயு சிங்காசன உரிமை வரிசையையும் எழுதினார்கள் என்றும், அல்லது அதற்கு நேர்மாறாகவும் சொல்வார்கள்.

லூக்காவின் பட்டியல் ஆபிரகாமில் நிற்காமல் ஆதாம் வரை போகிறது. கடைசி வரி நம் மொழிபெயர்ப்பில் “ஆதாம் தேவனால் உண்டானவன்.” மூலத்தில் எல்லாப் பெயருக்கும் உள்ள அதே அமைப்புதான்: சேத் ஆதாமுடைய, ஆதாம் தேவனுடைய. சற்று முன்தான் யோர்தானில் “நீர் என்னுடைய நேசகுமாரன்” என்ற சத்தம் கேட்டது. அந்தத் தொடர்பு தமிழில் கொஞ்சம் மங்கிவிட்டது.

யோசேப்பு சொந்தத் தகப்பன் இல்லையென்றால் அவன் பட்டியலால் என்ன பயன்?

16ஆம் வசனத்தைத் தமிழில் நிதானமாக வாசியுங்கள். அதுவரை ‘பெற்றான், பெற்றான்’ என்று 39 முறை ஒரே தாளம். பிறகு: “யாக்கோபு மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான், அவளிடத்தில் கிறிஸ்து என்னப்படுகிற இயேசு பிறந்தார்.” தாளம் உடைகிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் உள்ள பிரதிப்பெயர் பெண்பால் ஒருமை. தமிழில் ‘அவளிடத்தில்’ என்று அச்சாக வந்திருக்கிறது. ‘ஆன்’ எல்லாம் முடிந்து ‘ஆர்’ வருவது தமிழ் தானாகச் சேர்த்த அழகு.

பிறகு தேவதூதன் யோசேப்பை அழைப்பது “தாவீதின் குமாரனாகிய யோசேப்பே” என்று. அவனிடம் கேட்பது இரண்டு: மரியாளைச் சேர்த்துக்கொள், பிள்ளைக்குப் பெயரிடு. பெயரிடுகிறவன் தகப்பன். ‘என் பிள்ளை’ என்று ஏற்றுக்கொள்வது அந்தச் சமுதாயத்தில் சட்டப்படியான உறவு. யாக்கோபு தன் பேரன்மாரான எப்பிராயீமையும் மனாசேயையும் ‘என்னுடையவர்கள்’ என்று சொல்லியே பன்னிரண்டு கோத்திரக் கணக்கில் சேர்த்தான். சுவிகாரம் எடுத்த பிள்ளைக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு உண்டா என்று நம் ஊரில் யாரும் வியப்போடு கேட்பதில்லையே.

தாவீது உண்மையில் இருந்தானா? வேதத்துக்கு வெளியே ஆதாரம் உண்டா?

1993இல் இஸ்ரவேலின் வடகோடியில் தெல் தான் என்ற இடத்தில் ஒரு கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. அரமேயு மொழி, கி.மு. 9ஆம் நூற்றாண்டு. எதிரி நாட்டு ராஜா ஒருவன் தன் வெற்றியைப் பெருமையடித்த கல். அதில் ‘பேத் தாவீது’, தாவீதின் வீடு, என்ற சொல் இருப்பதாகப் பெரும்பாலான அறிஞர்கள் வாசிக்கிறார்கள்.

பரம்பரை சாபம் என்று ஊழியக்காரர்கள் சொல்கிறார்களே, தாத்தா பாவம் நம்மைத் தொடருமா?

யாத்திராகமம் 20இல் மூன்றாம் நான்காம் தலைமுறை வசனம் இருப்பது உண்மை. அடுத்த வசனத்தில் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்று இருப்பதை யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை. ‘பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின’ என்ற பழமொழியை இனி சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் 18 முழு அதிகாரத்தையும் செலவிட்டு மறுக்கிறது. மத்தேயுவின் பட்டியலிலேயே பாருங்கள். ஆகாஸ் பொல்லாதவன், மகன் எசேக்கியா நல்லவன். எசேக்கியாவின் மகன் மனாசே ஊரை இரத்தத்தால் நிரப்பியவன். ஆமோன் கெட்டவன், அவன் மகன் யோசியாவோ சீர்திருத்தக்காரன். சாபத்தை முறிக்கக் காணிக்கைக் கவர் நீட்டுகிற இடத்தில் இந்த ஐந்து பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

நாம் யூதர் இல்லையே. வருஷப்பிறப்பு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை நமக்கானதா?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து தட்டில் வசனம் எழுதிய அட்டைகள் சுற்றிவரும். மடித்த அட்டையை எடுக்கும்போது எனக்கும் கை கொஞ்சம் நடுங்கும், மறைக்கவில்லை. அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. “உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இது யாருக்கு எழுதிய கடிதம் என்று இரண்டாம் வசனத்தில் இருக்கிறது. ராஜாவாகிய எகொனியாவோடு சிறைபட்டுப்போனவர்களுக்கு. பத்தாம் வசனத்தில் காலமும் இருக்கிறது, 70 வருஷம். ஐந்தாம் ஆறாம் வசனங்களில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. வாக்குத்தத்தம் பேரப்பிள்ளைகள் கணக்கில் பலித்தது. அட்டையை எடுங்கள், ஆனால் அதை அடுத்த டிசம்பருக்குள் கெடு வைத்த பிராமிசரி நோட்டாக வாசிக்க வேண்டாம்.

நமக்கு உரிமை உண்டா என்றால், ரோமர் 11இல் பவுல் சொல்லும் காட்டு ஒலிவமரக் கிளை நாம். ஒட்டவைக்கப்பட்ட கிளை. எங்கள் வீட்டுக் குடும்ப வேதாகமத்தின் முதல் தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் எல்லாம் மை மாறி மாறி எழுதியிருக்கும். மேலே முதல் பெயர் ஞானஸ்நானம் பெற்ற பூட்டனுடையது. அவருக்கு முந்தைய பெயர் எதுவும் எழுதப்படவில்லை. அதே வேதாகமத்தில் சில நூறு பக்கங்கள் தள்ளி இன்னொரு பட்டியல் ஆபிரகாமிலிருந்து தொடங்குகிறது.

முடிவில்லாத வம்ச வரலாறுகளைக் கவனியாதே என்று பவுல் சொல்லியிருக்கிறாரே?

1 தீமோத்தேயு 1:4, தீத்து 3:9. அது பட்டியலை வைத்துக்கொண்டு கட்டுக்கதை கட்டி வாக்குவாதம் பண்ணுகிறவர்களுக்கு. ‘ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன்’ என்று மார்தட்டியவர்களிடம் யோவான்ஸ்நானன் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: இந்தக் கல்லுகளினாலே தேவன் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ண வல்லவர்.

அபியூத், ஆசோர், ஆகீம், எலியூத்… இவர்களெல்லாம் யார்?

சொரொபாபேலுக்குப் பிறகு யோசேப்பு வரை மத்தேயு கொடுக்கும் பெயர்கள். இவர்களைப் பற்றிப் பழைய ஏற்பாட்டில் ஒரு வரி இல்லை. இவர்கள் காலத்தில் பெர்சியன் ஆண்டான், கிரேக்கன் ஆண்டான், பிறகு ரோமன் வந்தான். சிங்காசனம் இல்லை. பாபிலோனில் எண்ணெய் அளந்தது போல இவர்களை யாரும் கணக்கில்கூட எழுதிவைக்கவில்லை. வகுப்பில் ஒரு அம்மா கேட்டார், “அப்போ இவங்க என்னதான் பண்ணாங்க?” பட்டியலில் உள்ளதைத்தான் திருப்பிச் சொன்னேன்: ஆசோர் சாதோக்கைப் பெற்றான், சாதோக்கு ஆகீமைப் பெற்றான், ஆகீம் எலியூதைப் பெற்றான்.